கிராப் ஓட்டிக்கிட்டே கேட்ட ஜெய்சங்கர் கதை: ஒரு ஆடியோ ஆப் ரிவியூ

மொதல்லயே சொல்லிடறேன், ஆப் பேர இங்க போடல. நல்லா இருக்குன்னு எழுதுனா காசு வாங்கிட்டான்பீங்க, கொறை சொன்னா கம்பெனிக்காரன் வந்து நிப்பான், ரெண்டு தலைவலியும் எனக்கு வேணாம். தமிழ்ல கதை, வரலாறு எல்லாம் ஆடியோவா போடுற ஆப், மாசம் மலேசியக் காசுல 19 வெள்ளி 90 சென், மொத 7 நாளு ஃப்ரீ, அவ்வளவு தெரிஞ்சா போதும்.

நான் கேஎல் செந்தூல்ல இருக்கேன், கிராப் டாக்சி ஓட்டுறேன், நாளைக்கு பத்து பதினோரு மணி நேரம் காடிக்குள்ளதான். ரேடியோல ஒரே பாட்ட நாலு தடவ போட்டா மனுசனுக்கு பைத்தியம் புடிக்குமா புடிக்காதா, அதான் என் மக பாவம் பார்த்து இந்த ஆப்ப போன்ல ஏத்திக் குடுத்தா. தேடிக்கிட்டே இருக்கும்போது ஜெய்சங்கர்னு ஒரு தொடர் கண்ணுல பட்டுச்சு, 12 பாகம், ஒவ்வொண்ணும் முக்கா மணி நேரம். உண்மையச் சொல்றேன், நடிகர் ஜெய்சங்கர்னு நெனச்சுதான் தட்டுனேன். தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் பத்தி ஒன்பது மணி நேரமா, அள்ளுடான்னு வால்யூம ஏத்துனா, மாஸ்கோ, பனி, தூதரகம்னு போகுது. டூத்தா ஜாம்ல மாட்டிக்கிட்டு இருந்தேன், மாத்தவும் சோம்பேறித்தனம், அப்படியே ஓடட்டும்னு விட்டுட்டேன்.

சரி, இந்தியாவோட வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர். ஷார்ட்ஸ்ல எல்லாரும் பார்த்திருப்பீங்க, வெள்ளைக்கார நிருபர் கேள்வி கேப்பான், இவரு மூஞ்சி மாறாம ஒண்ணு குடுப்பாரு, பின்னாடி யாராவது மாஸ் பிஜிஎம் போட்டு விட்டிருப்பான். எனக்கும் அந்த அளவுக்குதான் தெரியும். கேட்டு முடிச்சப்பறம் தெரிஞ்சது என்னன்னா, அந்த ஷார்ட்ஸ் ஆளு கடைசி ரெண்டு பாகத்துல தான் வர்றாரு, அதுக்கு முன்னாடி 40 வருஷம் அடுத்தவன் சொன்னத அளந்து அளந்து பேசிட்டு ஃபைல் பார்த்த ஆபீசர் ஒருத்தர் இருக்காரு, எனக்கு அவரதான் புடிச்சிருக்கு. தொடரும் அந்த ஆபீசர் கதையத்தான் ஒழுங்கா சொல்லுது, அமைச்சர் வந்ததும் கதை போய் வெறும் கைத்தட்டல் ஆயிடுது.

அப்பா கதைதான் மொத பாகம். கே. சுப்பிரமணியம், 1929ல திருச்சியில பொறந்தவரு, 1951ல ஐஏஎஸ், இந்தியா பாதுகாப்பு விவகாரத்துல பெரிய மூளைன்னு பேரு வாங்குனவரு. 1980ல பாதுகாப்பு உற்பத்தித் துறைக்கு செயலாளரா இருந்தாரு, இந்திரா காந்தி திரும்ப பதவிக்கு வந்ததும் மொத வேலையா அந்த நாற்காலியிலருந்து தூக்குனாங்க, அப்பறம் அவருக்கு ஜூனியரா இருந்தவர கேபினட் செயலாளர் ஆக்குனாங்க. மகன் அப்ப சர்வீஸ்ல சேர்ந்து மூணு வருஷம்தான். இத ஜெய்சங்கரே 2023ல ஒரு பேட்டியில வாயத் தொறந்து சொன்னாரு, அதப்பத்தி வீட்டுல ரொம்ப பேசிக்கிட்டது இல்லையாம், ஆனா ஜெய்சங்கரோட அண்ணன் செயலாளர் ஆனப்ப அப்பா ரொம்ப பெருமைப்பட்டாராம். தன் மகன் அந்த எடத்துக்கு வர்றத பார்க்க அவரு இல்ல, 2011ல போயிட்டாரு. எங்கப்பா கேடிஎம் ரயில்வேல ப்ரமோஷன் கிடைக்காமலே பென்ஷன் வாங்குனவரு, இந்தப் பாகம் கேக்கும்போது ஒரு சிக்னல்ல பச்சை விழுந்தது கூட தெரியாம நின்னுட்டேன், பின்னாடி லோரிக்காரன் ஹார்ன் அடிச்சே எழுப்புனான்.

ஜெய்சங்கரோட தம்பி சஞ்சய் சுப்பிரமணியம் பெரிய வரலாற்று ஆசிரியர், போர்ச்சுகீஸ்காரன் ஆசியாவுக்கு வந்த கதையெல்லாம் ஆராய்ச்சி பண்றவரு. போர்ச்சுகீஸ்காரன்னா நம்ம மலாக்கா இல்லாமலா? அதப்பத்தி ஒரு வரி சொல்லியிருந்தா மலேசியாவுல கேக்குறவனுக்கு ஒரு சந்தோஷம், சொல்லல.

ஜெய்சங்கர் படிச்சது கெமிஸ்ட்ரி, டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ்ல. அப்பறம் ஜேஎன்யூ போய் அரசியல், சர்வதேச உறவுன்னு மாறி டாக்டர் பட்டம் வரைக்கும் போனாரு. யூபிஎஸ்சி இன்டர்வியூ நாள் 1977 மார்ச் 21, இந்தியாவுல எமர்ஜென்சி வாபஸ் ஆன அதே நாளு. வெளிய ஊரே கொண்டாடுது, உள்ள இந்தப் பையன் அஞ்சாறு பெருசுங்க முன்னாடி உக்காந்து அரசியல் கேள்விக்கு பதில் சொல்றான், இந்த இடத்த தொடர்ல ரொம்ப நல்லா பண்ணியிருக்காங்க, பேக்ரவுண்ட் மியூசிக்க நிறுத்திட்டு வெறும் ஃபேன் சத்தம் மட்டும் விட்டாங்க. அந்த மாதிரி இன்னும் நாலு எடம் பண்ணியிருந்தா அஞ்சு ஸ்டார் குடுத்திருப்பேன்.

அதே வருஷம் ஐஎஃப்எஸ், அதாவது வெளியுறவு சர்வீஸ், மொத போஸ்டிங் மாஸ்கோ. இங்கதான் தொடரோட பெரிய ஓட்டை. தேர்ட் செக்ரட்டரி, ஃபர்ஸ்ட் செக்ரட்டரி, கவுன்சிலர், ஹை கமிஷனர்னு வரிசையா சொல்லிக்கிட்டே போறாங்க, அது என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு இது புரிஞ்சது ஒரு பேசஞ்சரால. பிரிக்பீல்ட்ஸ்ல ஏறுன ஒரு அங்கிள், எழுபது வயசுக்கு மேல இருக்கும், புத்ராஜெயா ஆஸ்பத்திரிக்கு போறாரு, ஸ்பீக்கர்ல ஓடுறத கேட்டுட்டு "தம்பி, நான் விஸ்மா புத்ரால, நம்ம வெளியுறவு அமைச்சுல, கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவன்"னாரு. அப்பறம் என்ன, சுங்கை பீசி டோல்லருந்து புத்ராஜெயா வரைக்கும் கிளாஸ்தான். புது ஆபீசருக்கு ஒரு மொழி குடுப்பாங்களாம், அந்த மொழி பேசுற ஊருக்கே அனுப்பி படிக்க விடுவாங்களாம், இவருக்கு ரஷ்யன் விழுந்துச்சு. தூதரகத்துல கீழ்ப்படி தேர்ட் செக்ரட்டரி, அங்கருந்து செகண்ட், ஃபர்ஸ்ட், கவுன்சிலர்னு ஏறி கடைசியில அம்பாசடர். காமன்வெல்த் நாட்டுக்குள்ள போனா அதே ஆளுக்கு பேரு ஹை கமிஷனர், அதனாலதான் இந்தியாவுக்கு சிங்கப்பூர்ல, நம்மூர்ல ஹை கமிஷன், பெய்ஜிங்ல எம்பசி. அப்பறம் ஒண்ணு சொன்னாரு பாருங்க, ஆபீசர் அமைச்சர் ஆவறது நம்ம நாட்டுக்கு புதுசே இல்லப்பா, கசாலி ஷாஃபிய மறந்துட்டீங்களா, வெளியுறவுக்கு நிரந்தர செயலாளரா இருந்து இந்தோனேசியாவோட நடந்த கொன்ஃப்ரொன்தாசி மோதல முடிச்சு வைக்கிற பேச்சுவார்த்தையில எல்லாம் இருந்தவரு, அப்பறம் உள்துறை அமைச்சர், 1981லருந்து 84 வரைக்கும் வெளியுறவு அமைச்சர், கிங் காஸ்னே பட்டப்பேரு. 19 வெள்ளி 90 சென் குடுத்து கிடைக்காத விஷயம், அங்கிள் டிப்ஸும் குடுத்துட்டு எறங்குனாரு.

இப்ப என் முக்கியமான கோவத்துக்கு வர்றேன்.

1988லருந்து 90 வரைக்கும் இவரு கொழும்புல ஃபர்ஸ்ட் செக்ரட்டரி, கூடவே ஐபிகேஎஃப்க்கு, அதாவது இந்திய அமைதிப்படைக்கு, அரசியல் ஆலோசகர். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்கு அப்பறம் அமைதிப்படைன்னு போன இந்திய ராணுவம் புலிங்களோட சண்டை போட்டு, 1100க்கு மேல சிப்பாய்ங்க செத்து, அங்க தமிழ் சனங்க எத்தன பேரு செத்து, 1990 மார்ச்ல மூட்டையக் கட்டிட்டு வந்தாங்களே, அந்த ரெண்டு வருஷம் தமிழ் தெரிஞ்ச ஒரு இளம் ஆபீசர் நடுவுல உக்காந்திருக்காரு. யோசிச்சுப் பாருங்க. எழுதுறவனுக்கு இதவிட வேற என்ன வேணும்? தொடர்ல இதுக்கு எவ்வளவு நேரம் தெரியுமா, நான் திரும்ப ஓட்டி டைம் பார்த்தேன், ரெண்டரை நிமிஷம். அதுலயும் ஒரு நிமிஷம் வீணை. சவாலான காலகட்டம்னு சொல்லிட்டு நேரா புடாபெஸ்ட்டுக்கு பிளேன் ஏத்திட்டாங்க.

அன்னிக்கு பின்சீட்ல ஒரு அக்கா, ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலுக்கு போறவங்க, அந்தப் பகுதியில சிலோன்காரங்க ரயில்வே காலத்துலருந்தே இருக்காங்கன்னு கேஎல்காரங்களுக்கு தெரியும். ஐபிகேஎஃப்னு வந்ததும் போன கீழ வச்சிட்டு காது குடுத்தாங்க, புடாபெஸ்ட்னு சொன்னதும் "அவ்வளவுதானா?"ன்னாங்க. எனக்கு ஏதோ நானே எழுதுன மாதிரி கூச்சமாயிருச்சு. சத்தத்த கொறச்சிட்டு கோயில் வாசல் வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

அவரு நல்லது பண்ணாரா கெட்டது பண்ணாரான்னு தீர்ப்பு சொல்லுன்னு நான் கேக்கல. அன்னிக்கு அவருக்கு 33லருந்து 35 வயசுதான், முடிவெடுக்குற எடத்துல அவரு இல்ல. ஆனா பின்னாடி 2021 ஜனவரியில கொழும்புல நின்னு தமிழங்களுக்கு சமத்துவம், நீதி, மரியாதை வேணும், மாகாணத்துக்கு அதிகாரம் குடுக்குற 13வது திருத்தத்த நடைமுறைப்படுத்துறது உங்களுக்கே நல்லதுன்னு பேசுனவரும் இவர்தான், 2022ல இலங்கை திவாலானப்ப இந்தியா கிட்டத்தட்ட 400 கோடி டாலர் உதவி குடுத்தப்ப அமைச்சரா இருந்தவரும் இவர்தான். அந்த பழைய ரெண்டு வருஷத்துக்கும் இதுக்கும் நடுவுல ஒரு கோடு போட்டு காட்டியிருக்கணும் இல்ல? தமிழ் ஆப்புலயே அத பேசலன்னா இங்கிலீஷ்காரனா வந்து பேசுவான்?

புடாபெஸ்ட், ஜனாதிபதி சங்கர் தயாள் சர்மாவுக்கு பிரஸ் செக்ரட்டரி, டோக்கியோ, பிராக்ல அம்பாசடர், இதெல்லாம் கடகடன்னு ஓடுது, ஓடட்டும். மனைவி கியோகோ ஜப்பான்காரங்க, அந்தக் காதல் கதைக்கு மட்டும் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்காங்க. ஐபிகேஎஃப்க்கு ரெண்டரை, காதலுக்கு பத்து, நல்ல கணக்குலா.

ஆறாவது பாகம் தான் மொத்தத்துலயே பெஸ்ட். 2004லருந்து 2007 டெல்லியில அமெரிக்கா டிவிஷனுக்கு ஜாயின்ட் செக்ரட்டரி, அணுசக்தி ஒப்பந்தம். 1974ல இந்தியா குண்டு வெடிச்சு பார்த்ததுலருந்து அணு உலைக்கு வேண்டிய சாமான் எவனும் லேசுல விக்கமாட்டான், அணு ஆயுதம் பரவக்கூடாதுங்கிற என்பிடி ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்தும் போடாது. 2005 ஜூலை 18 மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் ஒரு அறிக்கை விட்டாங்க, அதுக்கு முன்னாடி ராத்திரி வரைக்கும் வார்த்தைக்கு வார்த்தை இழுபறி. விஷயம் என்னன்னா, இந்தியா தன்னோட உலைங்கள கரண்ட்டுக்கு ஒரு பக்கம், ராணுவத்துக்கு ஒரு பக்கம்னு பிரிக்கணும், கரண்ட் பக்கத்த மட்டும் வெளிநாட்டு இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கலாம். எனக்கு இது எப்படி புரிஞ்சதுன்னா, ஒரே ஆளு ரெண்டு கடை வச்சிருக்கான், ஒண்ணு ஹலால் சர்டிபிகேட் உள்ள கடை, ஒண்ணு இல்லாதது. ஹலால் சர்டிபிகேட் குடுக்குற ஜாக்கிம் ஆபீசர் மொத கடைக்கு எப்ப வேணா வரலாம், ரெண்டாவது கடை அடுப்படிக்குள்ள கால் வைக்கக்கூடாது, சட்டி கரண்டி மாறவும் கூடாது. அந்த மாதிரி 22 உலையில 14அ இந்தப் பக்கம் தள்ளுனாங்க. எது எந்தப் பக்கம்ங்கிறதுல தான் அடிதடியே, அமெரிக்காக்காரன் கூட மட்டும் இல்ல, இந்தியா விஞ்ஞானிங்க கூடவும். 2008 அக்டோபர்ல தான் எல்லாம் முடிஞ்சுச்சு, அப்ப இவரு சிங்கப்பூர்ல ஹை கமிஷனர். நட்டவன் ஒருத்தன், பழம் பறிக்கும்போது வேற ஊருல இருப்பான், அந்த வேலையே அப்படித்தான் போல. இந்தப் பாகத்த நான் ரெண்டு தடவ கேட்டேன், காராக் போற சவாரியில ஒரு தடவ, திரும்பி காலி காடியா வரும்போது ஒரு தடவ.

சிங்கப்பூர் ரெண்டு வருஷம் அஞ்சே நிமிஷம். சரி விடுங்க.

அப்பறம் 2009லருந்து 2013 சீனா, நாலரை வருஷம், இந்தியா தூதரா அங்க அவ்வளவு காலம் வேற யாரும் இருந்ததில்ல. அங்கருந்து அமெரிக்கா. 2013 டிசம்பர்ல நியூயார்க்ல இந்திய தூதரக அதிகாரி ஒரு அம்மாவ கைது பண்ணி ரெண்டு நாட்டுக்கும் பேச்சே நின்னு போன நேரம், அந்த தீயில போய் எறங்குனாரு. ஒரு வருஷத்துக்குள்ள நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல மோடி கூட்டம், 2015 ஜனவரி 26 ஒபாமா டெல்லியில குடியரசு தின விருந்தாளி. இவருக்கு ஜனவரியோட 60 முடியுது, 31ந்தேதி ரிட்டையர்மென்ட், பெட்டி கட்டியாச்சு. ஒபாமா ஊருக்கு போன மறுநாள் ராத்திரி, 28ந்தேதி, ஆர்டர் வருது, வெளியுறவுச் செயலாளரா இருந்த சுஜாதா சிங் பதவிக்காலம் முடியறதுக்கு ஏழு மாசம் முன்னாடியே வெளிய, இவரு உள்ள. மூணே நாளு. நம்மாளு ஒருத்தன் இதுக்கு பேரு லக்னுவான், இன்னொருத்தன் வேற ஏதாவது சொல்லுவான். தொடர்ல சுஜாதா சிங் பக்கத்து நியாயத்தையும் ரெண்டு நிமிஷம் சொன்னாங்க, 2013லயே இவருக்கு வரவேண்டிய எடம் சீனியாரிட்டியால அந்தம்மாவுக்கு போச்சுன்னு அப்ப இருந்த பேச்சையும் சொன்னாங்க, அது எனக்கு புடிச்சது. 1980ல அப்பாவுக்கு நடந்தது ஞாபகம் வருதா இல்லையா? அத அவங்க சொல்லல, நமக்கே வருது.

2018ல ரிட்டையர் ஆகி டாடா கம்பெனிக்கு போயிட்டாரு. 2019 மே 30 பதவியேற்பு மேடையில திடீர்னு உக்காந்திருக்காரு. எம்பியும் இல்ல, கட்சியிலயும் இல்ல, அடுத்தடுத்து கட்சியில சேர்ந்து ஜூலையில குஜராத்லருந்து ராஜ்யசபா. நட்வர் சிங்கும் ஐஎஃப்எஸ்லருந்து வந்து இந்த நாற்காலியில உக்காந்தவர்தான், ஆனா அவரு 1984லயே வேலைய விட்டு எலக்ஷன், மந்திரின்னு இருபது வருஷம் அரசியல்ல பொரண்டவரு. வெளியுறவுச் செயலாளரா இருந்துட்டு அதே துறைக்கு அமைச்சரா வந்தது இவருதான் மொத ஆளு.

இந்த எடத்துலருந்து தொடர் என் கையவிட்டு போயிருச்சு. பதினோராவது பாகமும் பன்னெண்டாவது பாகமும் ஷார்ட்ஸ்ல பார்த்ததையே வாயால சொல்றாங்க. ரஷ்யா எண்ணெய் விஷயத்துல நாங்க ஒரு மாசம் வாங்குறது ஐரோப்பா ஒரு மத்தியானத்துல வாங்குறத விட கம்மியா இருக்கும்னு சொன்னாரே, அது, அப்பறம் பிராடிஸ்லாவால ஐரோப்பாவ கேட்ட கேள்வி, எல்லாத்துக்கும் பின்னாடி விசில் சத்தம். 2020 ஜூன்ல சீன எல்லையில கல்வான்ல 20 இந்திய சிப்பாய்ங்க செத்தது ஒரே வரி. நாலரை வருஷம் பெய்ஜிங்ல இருந்த மனுசன், சீனாவ நல்லா தெரிஞ்சவரு, அவரு காலத்துலயே அப்படி ஆச்சேன்னு ஒரு கேள்வி கூட கேக்கல. 2024 எலக்ஷன் நேரத்துல கச்சத்தீவ எடுத்து பிரஸ் மீட் வச்சாரே, 1974 ஒப்பந்தம் அது இதுன்னு, அதுவும் காணோம். வார்த்தைய அளந்து பேசுற மனுசன் அன்னிக்கு கட்சிக்காரர் மாதிரி பேசுனாருன்னு எனக்கு தோணுச்சு, உங்களுக்கு வேற மாதிரி தோணலாம், ஆனா சொல்லணும்ல.

நம்ம விஷயமும் சுத்தமா இல்ல. 2019 செப்டம்பர்ல அப்ப பிரதமரா இருந்த துன் மகாதீர் ஐநாவுல காஷ்மீர் பத்தி இந்தியாவ கொறை சொல்லி பேசுனாரு, 2020 ஜனவரியில இந்தியா, சுத்திகரிச்ச பாமாயில் இறக்குமதிய கட்டுப்பாட்டு பட்டியல்ல போட்டுச்சு, மலேசியாவ பேர் சொல்லல, ஆனா எல்லாருக்கும் புரிஞ்சுச்சு. எங்க மாமா பையன் பாந்திங் பக்கம் செம்பனை தோட்டத்துல இருந்தான், அந்த மாசம் வீட்டுக்கு வந்தா இதே பேச்சு. 2024 மார்ச்ல இவரு கேஎல் வந்து பிரதமர் அன்வாரையும் நம்ம வெளியுறவு அமைச்சர் முகமட் ஹசானையும் பார்த்தாரு, ஆகஸ்ட்ல அன்வார் டெல்லி போனாரு. நாலு வருஷத்துல முறைச்சுக்கிட்டு இருந்தது எப்படி சரியாச்சுங்கிறது எனக்கு தெரிஞ்சுக்க ஆசை. மலேசியா சந்தாதாரன்கிட்ட வெள்ளியில காசு வாங்குறாங்கல்ல, ஒரு அரை மணி நேரம் நமக்காக பேசலாம்.

குரல் பத்தி சொல்லணும். படிக்கிறவருக்கு நல்ல கணீர் குரல், மாஸ்கோ, பிராக் எல்லாம் தேனா வருது, திருச்சிராப்பள்ளின்னு வர்றப்ப நாக்கு சுளுக்கிக்குது. தமிழ் தொடர்தானே இது? கோலாலம்பூர்ங்கிறத ஒரே எடத்துல சொல்றாரு, அதுவும் குவாலா. அப்பறம் தமிழ், தமிழர்னு எங்க வந்தாலும் வீணை, தவறாம. ஏழாவது பாகத்துக்கு மேல வீணை ஆரம்பிச்சாலே என் கை தானா வால்யூம் பக்கம் போயிருச்சு.

ஆப் பக்கம் வந்தா, டவுன்லோட் பண்ணி வச்சுக்கலாம், ஸ்மார்ட் டணலுக்குள்ளயும் நிக்காம ஓடுது, அதுக்கு ஒரு சபாஷ். ஆனா வழி சொல்ற வேஸ் ஆப் பேசுறப்ப ஆடியோ நிக்குது பாருங்க, திரும்ப ஆரம்பிக்கும்போது விட்ட எடத்துலருந்து இல்ல, பாகத்தோட ஆரம்பத்துலருந்து. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ மாஸ்கோ பனி பெய்ஞ்சா எப்படி? மெயில் போட்டேன், நாலு நாள் கழிச்சு ஆப்ப அழிச்சிட்டு திரும்ப போடுங்கன்னு பதில், போட்டா டவுன்லோட் பண்ணது எல்லாம் போச்சு. நீங்க வேஸ்ல சத்தத்த அணைச்சிட்டு கேளுங்க, எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

என் கணக்குல மூணு ஸ்டார். ஆறாவது பாகத்துக்கும் அப்பா கதைக்கும் சேர்த்து அரை கூட்டிக்கலாம், மூணரை. கேக்கணும்னு நெனச்சா ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் கேளுங்க, கடைசி ரெண்டையும் விட்டுடுங்க, அந்த நேரத்துக்கு எங்கயாவது தே தாரிக் குடிங்க.

ஃப்ரீ டிரையல் ஏழு நாளுன்னு சொல்லிட்டு ஆறாவது நாள் ராத்திரியே கார்டுல காச எடுத்துட்டாங்க, அதனால அஞ்சாவது நாளே கேன்சல் பண்ணிடுங்க, கேன்சல் பண்ணாலும் ஏழு நாள் வரைக்கும் ஓடும். பட்டன் செட்டிங்ஸ்ல இல்ல, ப்ரொஃபைல் படத்த தட்டி கீழ இழுத்துக்கிட்டே போனா கடைசியில சாம்பல் கலர்ல சின்னதா இருக்கும். எனக்கு கண்டுபுடிச்சு குடுத்ததும் என் மகதான்.